சின்ன வயசில் மேடை ஏறியவர்கள் இங்கே வாங்க

வைகைக்கரையான்:

பள்ளி ஆண்டு விழா, கோயில் திருவிழா, பொங்கல் கலை நிகழ்ச்சி, எதுவானாலும் சரி. பத்துப் பன்னிரண்டு வயசுக்குள் மேடை ஏறிய அனுபவம் இருந்தால் எழுதுங்கள். ஒரே வேண்டுகோள்: "முதல் பரிசு வாங்கினேன், கலெக்டர் கையால் வாங்கினேன்" கதைகள் வேண்டாம். அந்தக் கோப்பைகள் வீட்டு ஷோகேஸிலேயே இருக்கட்டும்.

நானே தொடங்குகிறேன். எங்கள் ஊர் மதுரைக்கும் மானாமதுரைக்கும் நடுவில். பங்குனித் திருவிழாவுக்கு ஸ்பெஷல் நாடகம் கட்டாயம் உண்டு. தெரியாதவர்களுக்காக: ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை என்பதே கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், பபூன் வேறோர் ஊர். அன்று ராத்திரி அரிதாரம் பூசும்போதுதான் சில பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பாட்டும் வசனமும் எல்லாருக்கும் தலைகீழ்ப் பாடம். பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தால் கோழி கூவும் வரை ஓடும்.

அந்த வருஷம் அரிச்சந்திர மயான காண்டம். பாலபார்ட் போட வேண்டிய பையனுக்கு அம்மை என்று தகவல் வந்தது. அப்பா விழாக் கமிட்டியில் இருந்தார். "நம்ம பய இருக்கானே" என்று யாரோ சொல்ல, நான் லோகிதாசன் ஆகிவிட்டேன். தர்ப்பை பறிக்கப் போக வேண்டும், பாம்பு கடிக்க வேண்டும், விழ வேண்டும். அதற்குப் பிறகு முழுக்கப் பிணம்.

நடிப்பிலேயே கஷ்டமானது பிணமாகக் கிடப்பதுதான். சுடுகாட்டுக் காவலாளியாக வரும் அரிச்சந்திரன் முழத்துண்டும் கால் பணமும் வாய்க்கரிசியும் கேட்பான். சந்திரமதி ஒன்றுமில்லை என்று அழுவாள். இரண்டு பேருக்கும் தர்க்கம், பாட்டுக்குப் பாட்டு. ஜனம் ரசித்துவிட்டால் தர்க்கம் நீண்டுகொண்டே போகும். நான் சந்திரமதி மடியில் கிடக்கிறேன். அந்த அக்கா ஒப்பாரிக்கு நடுவே, மூச்சு வாங்குகிற சாக்கில், "கண்ண இறுக்காதடா, லேசா விடு" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்த மூச்சில் "ஐயோ மகனே" என்று ஊரே கேட்க அலறல்.

அப்போது ஒரு மாமா மேடையேறி, அன்பளிப்பு என்று ஐந்து ரூபாய் நோட்டை என் சட்டையில் குண்டூசியால் குத்தினார். ஊசி சட்டையோடு நிற்கவில்லை, தோலிலும் ஏறியது. பிணம் கத்தக் கூடாதே. ஆர்மோனியம் நின்றது, மைக்கில் மாமா பெயரை வாசித்தார்கள், சந்திரமதி அழுத கண்ணோடு கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொன்னார், ஆர்மோனியம் மறுபடி ஒப்பாரிக்குப் போனது.

இதற்குள் எங்கள் அப்பத்தா பொறுக்க மாட்டாமல் கூட்டத்திலிருந்து எழுந்து வந்துவிட்டாள். "நல்ல நாளும் அதுவுமா பச்சப் புள்ளையப் பொணமாக் கிடத்தி வச்சிருக்கீகளே, எந்திரிடா!" அரிச்சந்திரன் கோலை ஊன்றிக்கொண்டு, குரலைக்கூட மாற்றாமல், "ஆத்தா, இன்னும் கொஞ்ச நேரத்துல சிவபெருமான் வந்து எழுப்பிவிடுவார், அதுவரைக்கும் பொறு" என்றார். ஊரே சிரித்தது. விடிந்து வீட்டுக்குப் போனால், வாசலிலேயே நிறுத்தித் தலையில் மஞ்சத்தண்ணி ஊற்றி, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்ட பிறகுதான் உள்ளே விட்டாள்.

நான் பேசிய வசனம் ஒரு வரிகூட இப்போது ஞாபகமில்லை. அந்த அக்கா வேர்வையில் கரைந்த ரோஸ் பவுடர் என் நெற்றியில் சொட்டியது ஞாபகமிருக்கிறது.

தாம்பரம் லோக்கல்:

அப்பத்தாவுக்கு ஒரு பெரிய கும்பிடு.

நமக்கெல்லாம் மாறுவேடப் போட்டிதான். 1959-இல் சிவாஜி படம் வந்ததிலிருந்து தமிழ்நாட்டில் கட்டபொம்மன் இல்லாத மாறுவேடப் போட்டி நடந்திருக்குமா என்று தெரியவில்லை. எங்கள் பள்ளியில் ஒரு வருஷம் வரிசையாக ஐந்தாறு கட்டபொம்மன். எல்லார் கையிலும் அட்டைக் கத்தி, எல்லார் மீசையும் அம்மாவின் கண் மை. ஒவ்வொருவரும் வந்து அதே துரையிடம் அதே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனார்கள். துரை வேஷம் போட மட்டும் யாருமே வரவில்லை. நடுவராக உட்கார்ந்திருந்த பி.டி. சார்தான் அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டார். அவர் பாவம், எட்டயபுரத்துப் பக்கம்.

நான் பாரதியார். முண்டாசு கண்ணுக்கு இறங்கிவிட்டது, பாதிப் பாட்டை இருட்டில்தான் பாடினேன்.

கோவைக்காரி:

எல்லாரும் சிரிக்கிறீர்கள். நான் கொஞ்சம் வேறு மாதிரி எழுதப் போகிறேன்.

எங்கள் பள்ளி (பெயர் வேண்டாம்) ஆண்டு விழாவுக்கு வெளியிலிருந்து டான்ஸ் மாஸ்டர் வருவார். முதல் நாள் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பார்ப்பார். ஆடச் சொல்லவே மாட்டார், சும்மா பார்ப்பார். "நீ முன்னாடி வாம்மா, நீ பின்னாடி போ." முன்னாடி போனவர்கள் எல்லாம் சிவப்பாக இருந்தவர்கள். எனக்கு அடவு நன்றாக வரும், பக்கத்து வீட்டு அக்காவிடம் கற்றிருந்தேன். முன்வரிசைப் பெண்ணுக்கு ஸ்டெப் மறந்தால் திரும்பி என்னைப் பார்த்துத்தான் ஆடுவாள். ஆனாலும் நான் கடைசி வரிசை, தூணுக்குப் பக்கத்தில்.

டிரஸ் வாடகை தனி. பட்டுப் பாவாடை மாதிரி ஒரு பளபளா துணி, இடுப்பில் ஊக்கு ஊக்காகக் குத்தி இறுக்கியது, முந்தின பள்ளிக்காரப் பிள்ளைகளின் வேர்வை நாற்றம் போகாமலே வரும். அந்தக் காசுக்கு அம்மா யாரிடம் கடன் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். விழா முடிந்து போட்டோ வந்தது. குரூப் போட்டோவில் என் கை மட்டும் தெரிகிறது. வளையலை வைத்துத்தான் நான் என்று அடையாளம் சொல்ல முடியும்.

"மேடை ஏறினால் தன்னம்பிக்கை வளரும்" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கைதான் கண் முன்னால் வரும்.

டீச்சரம்மா:

கோவைக்காரி, நீங்கள் சொல்வது நடக்கிறதுதான். இருபது வருஷத்துக்கு மேல் தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்தவள், நிறைய பார்த்திருக்கிறேன். மாஸ்டரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. "என் பிள்ளை முன்னாடி நிற்கணும்" என்று தாளாளரிடமே போய்ச் சொல்கிற பெற்றோர் எல்லா ஊரிலும் உண்டு.

நான் ஒரு வழி வைத்திருந்தேன். பாட்டில் பல்லவி வரும்போதெல்லாம் பின்வரிசை முன்னால் வர வேண்டும், முன்வரிசை பிரிந்து பின்னால் போக வேண்டும். கோலாட்டத்திலும் கும்மியிலும் இது தானாகவே நடந்துவிடும், வட்டத்தில் முன்வரிசை ஏது? சினிமாப் பாட்டு வந்த பிறகுதான் எல்லாம் வரிசை வரிசையாக நிற்க ஆரம்பித்தது. மாஸ்டர்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள மாட்டேன். மேடையே வேண்டாம் என்பது சரியில்லை. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை சுதந்திர தினத்தன்று கையில் தாளோடு போய்ப் பேசிவிட்டு இறங்கும்போது அதன் நடையே மாறியிருக்கும். அதைப் பார்த்தவள் சொல்கிறேன்.

ஈப்போக்காரன்:

முன்வரிசை என்றதும் எனக்கு வேறு முன்வரிசை ஞாபகம் வந்தது. நான் மலேசியாவில் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. விழா என்றால் மேடைக்குக் கீழே முதல் வரிசை நாற்காலியில் தோட்டத்துத் துரை, கிராணியார் (தோட்டத்து எழுத்தர்), தலைமையாசிரியர். அதற்குப் பின்னால் பெஞ்சு. அதற்கும் பின்னால் லயத்து (தொழிலாளர் குடியிருப்பு) ஜனம் நின்றுகொண்டு பார்க்கும். எங்கள் அம்மா விடியற்காலையில் பால் மரம் வெட்டப் போகிறவள், ராத்திரி கண் முழிக்க முடியாது. ஆனால் என் கும்மி முடிகிற வரைக்கும் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் துரையைப் பார்த்து ஆடவில்லை, கடைசி வரிசையைப் பார்த்துத்தான் ஆடினேன். "முகத்தை இறக்கு" என்று வாத்தியார் பக்கத்திலிருந்து சைகை காட்டிக்கொண்டே இருந்தார்.

வாவிக்கரை:

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். இந்த இழையில் எல்லாரும் ஒருநாள் மேடையைப் பற்றித்தான் எழுதுகிறீர்கள். எங்களுடைய கூத்து ஒருநாள் விஷயமில்லை, மாதக்கணக்கு.

முதலில் சட்டம் கொடுத்தல். நல்ல நாள் பார்த்து, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஆளாளுக்கு அவரவர் பாட்டை எழுதிக் கொடுப்பார். எங்களுடைய காலத்தில் பழைய கொப்பித் தாள்தான். எனக்குக் கிடைத்தது ஓர் அரசகுமாரன். பெரிய பாத்திரம் இல்லை, ஆனால் களத்துக்குள் வரும்போது ஆடுகிற வரவு ஆட்டம் முழுக்க ஆட வேண்டும். பிறகு கிழமைக்கூத்து, அதாவது வாராவார ஒத்திகை. இரவுச் சாப்பாடு முடிய களத்துக்குப் போனால் அண்ணாவியார் மத்தளத்தோடு நடுவில் இருப்பார், நாங்கள் சுற்றி. கால் பிழைத்தால் திட்ட மாட்டார். மத்தளத்தை நிற்பாட்டிவிடுவார். முழு ஊரும் திரும்பிப் பார்க்கும். அதைவிட நாலு அடி வாங்கலாம்.

பிறகு சதங்கை அணிதல். அதுவரைக்கும் வெறுங்காலோடு ஆடிவிட்டு, கோயிலடியில் அண்ணாவியார் கையால் சதங்கை கட்டும்போது காலே வேறு ஆளுடைய கால் மாதிரி இருந்தது. ஒவ்வொரு தப்படியும் சத்தமாகக் கேட்கிறதே, ஒளிக்க இடமில்லை.

அரங்கேற்றத்துக்கு வட்டக்களரி. நாலு பக்கமும் சனம். மேலே சொன்ன கடைசி வரிசைப் பிரச்சினை எங்களுக்கு இல்லை என்று பெருமையாகச் சொல்லலாம், ஆனால் முதுகைக் காட்டவும் இடமில்லை. வடமோடி வகைக் கூத்தில் அரசர்களுக்கு விரிந்து நிற்கும் கரப்புடுப்பும் பெரிய கிரீடமும். எனக்கு ஏற்ற அளவில் கிரீடம் இல்லை. அம்மம்மா பழைய சீலைத்துண்டைச் சுருட்டி உள்ளே வைத்து, தாடையோடு சேர்த்து இழுத்துக் கட்டிவிட்டா. பாட வாயைத் திறந்தால் கயிறு கழுத்தை அறுக்கிறது, வாயை மூடினால் கிரீடம் ஆடுகிறது. இடைக்கிடை பிற்பாட்டுக்காரர் என் வரியையும் சேர்த்துப் பாடிக் காப்பாற்றினார். பார்த்தவர்களுக்குத் தெரியாது. ஆடுகிறவன் விட்டாலும் பாட்டு நிற்காது, அதுதான் கூத்தில் எனக்குப் பிடித்தது.

அதோடு முடியவில்லை. பிறகு வீட்டுக்கு வீடு ஆட வேண்டும். எந்த வீட்டில் பலகாரம் நல்லது என்று பொடியன்களுக்கு முன்கூட்டியே தெரியும்.

பின்னாளில் சண்டை இறுகிய வருஷங்களில் விடிய விடிய ஆடுவது எங்களுடைய பக்கம் நின்றுபோனது. ஊரடங்கு நேரத்தில் யார் மத்தளம் அடிப்பது? எனக்குப் பின்னால் வந்த வயதுக்காரர் பலபேர் சதங்கை கட்டாமலே வளர்ந்துவிட்டார்கள்.

கோவைக்காரி:

வாவிக்கரை, பெண் பிள்ளைகள்?

வாவிக்கரை:

அந்தக் காலத்தில் இல்லை. பெண் பாத்திரமும் ஆண்கள்தான். என் தங்கைக்கு என் பாட்டு முழுக்க என்னைவிட நன்றாகத் தெரியும், கிழமைக்கூத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டே பாடமாக்கினவள். இப்போது பள்ளிக்கூடங்களில் பெண் பிள்ளைகள் ஆடுகிறார்கள். பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் கர்ணன் போர், இராவணேசன் என்று கூத்தைச் சுருக்கி மேடைக்கு ஏற்றபடி தயாரித்தார். அதற்குப் பிறகு வந்த ஆசிரியர்கள் பலர் அந்த வழியில் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோனார்கள். விடிய விடிய நடக்கிற கூத்து சில மணி நேரமாகிவிட்டதே என்று பெரியவர்களுக்குக் குறை. என் தங்கையின் மகள் ஆடினதைப் பார்த்த எனக்கு அந்தக் குறை இல்லை.

திண்ணைவாசி:

சிறுவர்களை வைத்து நாடகம் நடத்திய பழைய பாய்ஸ் கம்பெனிகளை விட்டுவிட்டு இந்தப் பேச்சு நடக்கக் கூடாது.

சங்கரதாஸ் சுவாமிகள் ஆசிரியராக இருந்து 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையில் சேர்ந்தபோது நாடக நடிகர் டி.கே. சண்முகத்துக்கு வயசு ஆறு. அண்ணன் தம்பிகளோடு சேர்ந்தார். அந்தப் பையனை மனசில் வைத்து சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார் என்று சண்முகமே 'எனது நாடக வாழ்க்கை' நூலில் பதிவு செய்திருக்கிறார். எம்.ஜி.ஆர். தன் அண்ணனோடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். சிவாஜியும் சின்ன வயசிலேயே வீட்டை விட்டுக் கம்பெனிக்குப் போனவர். ரயிலில் பாடிக்கொண்டு போன சிறுமியாகத்தான் கே.பி. சுந்தராம்பாளை நாடகக்காரர்கள் கண்டெடுத்தார்கள்.

இதையெல்லாம் படித்துப் புல்லரிப்பது சுலபம். கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. கம்பெனி வீட்டிலேயே சாப்பாடு, படுக்கை, பாடம், அடி. பதின்மூன்று பதினான்கு வயசில் மகரக்கட்டு உடைந்தது, அதாவது பருவத்தில் குரல் மாறியது என்றால் ராஜபார்ட்டாக ஊரை மயக்கிய பையன் ஓரத்துக்குப் போக வேண்டியதுதான். குரல் திரும்பி வந்தால் பிழைத்தான். நமக்குப் பெயர் தெரிகிற நாலு பேரும் பிழைத்தவர்கள். கூட்டமாகச் சேர்ந்த மற்றப் பையன்கள் என்ன ஆனார்கள்?

அதனால் கோவைக்காரி கோபத்தில் நான் பாதிக்குப் பாதி சேர்ந்துகொள்கிறேன். பிள்ளை மேடையில் நிற்கும்போது பெரியவர்கள் யாருக்காக நிறுத்தியிருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. வசூலுக்கா, தாளாளருக்கா, அந்தப் பிள்ளைக்கா?

டீச்சரம்மா:

கேள்வி சரி. ஆனால் பாய்ஸ் கம்பெனியையும் ஆண்டு விழாவையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். அங்கே பிள்ளையின் சோறே மேடையில் இருந்தது. இங்கே மறுநாள் கணக்குப் பரீட்சை, அவ்வளவுதான்.

திண்ணைவாசி:

சரி, அது நியாயம்.

தாம்பரம் லோக்கல்:

வைகைக்கரையான், முக்கியமான விஷயத்தைச் சொல்லாமல் விட்டீர்களே. அப்பத்தா மறுபடி உங்களை மேடை ஏற விட்டாளா?

வைகைக்கரையான்:

விட்டாள். அடுத்த வருஷம் வேறு கதை போட்டார்கள், அதிலும் ஊர்ப் பையன் ஒருவன் வேண்டும் என்றார்கள். அப்பா பயந்து பயந்துதான் கேட்டார். "என்ன வேசம்?" என்றாள். மார்க்கண்டேயன் என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவன் சாக மாட்டான்ல, என்னைக்கும் பதினாறு. போகட்டும்" என்றாள். எமன் பாசக்கயிறு வீசுகிற காட்சியில் மட்டும் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டாள். எமனாக நடித்தவர் அவளைப் பார்த்துக்கொண்டேதான் கயிற்றை வீசினார். கயிறு என்மேல் படவே இல்லை.

செய்யாற்றுக்காரன்:

எங்கள் பக்கம் தெருக்கூத்து. நான் வேஷம் கட்டியதில்லை, திரை பிடித்தேன். வேஷக்காரர் உள்ளிருந்து வரும்போது முன்னால் ஒரு துணியை இரண்டு பேர் பிடிக்க வேண்டும். அவர் துணிக்குப் பின்னாலிருந்து திரைவிருத்தம் பாடுவார். ஜனத்துக்குக் கிரீடத்தின் உச்சியும் சலங்கைச் சத்தமும்தான். எனக்கு முழு ஆளும் ஒரு முழத் தூரத்தில். துரியோதனன் வெளியே போகும் முன் மீசையைத் தடவிப் பார்ப்பதையும், வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்குவதையும், "தம்பி, துணிய இறக்கு, கை நடுங்குது பாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு உடனே உறுமுவதையும் பார்த்தவன் நான். துணியை விலக்கினதும் கூட்டம் 'ஓ'வென்று கத்தும். மரக்கட்டை நகையெல்லாம் கண்ணாடித் துண்டோடு மினுக்கும். பத்து வயசில் இதைவிட நல்ல இடம் எது?

புரிசை, பெருங்கட்டூர் பக்கம் இன்னும் கூத்து இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், முன்னிரவில் தூங்கிவிட்டாலும் பரவாயில்லை. நடுச்சாமத்தில் கட்டியங்காரன் (கூத்துக் கோமாளி) எழுப்பிவிடுவான்.

கோவைக்காரி:

திரை பிடித்தவரின் கதை எனக்குப் பிடித்தது. தூணுக்குப் பக்கத்தில் நின்றவளுக்கும் சில விஷயம் தெரியும். முன்வரிசைப் பெண் திரைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தது எனக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்கு நான் தண்ணீர் கொடுத்தேன். அதற்குப் பிறகு பள்ளி முடியும் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. அவளுக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லையாம், அவள் அப்பாதான் போய்ச் சொன்னாராம்.

தாம்பரம் லோக்கல்:

இழை நன்றாகப் போகும்போது ஒரு சுயநலக் கேள்வி. என் மகள் இரண்டாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை மாறுவேடப் போட்டி, ஔவையார் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். நல்லவேளை, கட்டபொம்மன் இல்லை. முடியை எப்படி வெள்ளையாக்குவது? கடையில் விற்கிற விக் அவள் தலைக்குப் பெரிசு.

டீச்சரம்மா:

விக் வேண்டவே வேண்டாம். பஞ்சைக் கோந்து போட்டு ஒட்டாதீர்கள், அரிக்கும், அப்புறம் எடுக்கும்போது முடியோடு வரும். தலையைப் படிய வாரிச் சின்னக் கொண்டை போட்டு, லேசாகத் தண்ணீர் தொட்டு, டால்கம் பவுடரைச் சீப்பில் எடுத்து வாருங்கள். கண், மூக்குப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெற்றி நிறைய விபூதி, பழைய வெள்ளைப் புடவையைக் கணுக்காலுக்கு மேல் கட்டுங்கள், மிதித்து விழாமல் இருக்கும். கோல் அவள் தோள் உயரத்துக்கு மேல் வேண்டாம், மைக்கில் இடிக்கும். ஆத்திசூடி முழுக்கச் சொல்ல வைக்காதீர்கள், நாலு வரி போதும். மைக்கை முன்கூட்டியே அவள் உயரத்துக்கு இறக்கச் சொல்லுங்கள், எல்லாரும் மறப்பது அதைத்தான். அப்புறம் நீங்கள் போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் நிற்காதீர்கள். அவள் தேடும்போது உங்கள் முகம் தெரிய வேண்டும்.

தாம்பரம் லோக்கல்:

குறித்துக்கொண்டேன். பவுடர் மட்டும் இன்று ராத்திரியே ஒரு தடவை பூசிப் பார்க்கச் சொல்லி அடம், பூசிக்கொண்டிருக்கிறோம். வீடு முழுக்கப் பவுடர். இனி வீட்டுக்காரம்மா வந்து என்னை என்ன சொல்லப் போகிறாளோ.